யார் சுமந்தார்கள்? நீலகிரிப் பாதைகளும் ஒரு சைக்கிளும்

சென்னையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மேடு என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. மயிலாப்பூர் மாட வீதிகள் பலகை மாதிரி தட்டையானவை. தி.நகரில் உஸ்மான் ரோடு மேம்பாலம், அடையாற்றில் திரு.வி.க. பாலம், அவ்வளவுதான். எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் முடிந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் போனால் பரங்கிமலை. அதுவும் 300 அடிதான்!

இதே சென்னையில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து குன்னூர் வழியாக சுமார் 50 கிலோமீட்டர் போனால் ஊட்டி, 2,240 மீட்டர். அதாவது 50 கிலோமீட்டருக்குள் 1,900 மீட்டர் மேலே ஏற வேண்டும். இந்தச் சாலையில் சைக்கிளில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வருடா வருடம் கூடிக்கொண்டும் இருக்கிறார்கள்.

எதற்காக இந்தக் கஷ்டம்? குளிர், அமைதி, தேயிலைச் சரிவு, சோலைக்காடு என்று வழக்கமான பதில்கள் உண்டு. வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. நீலகிரியின் 200 வருட வரலாற்றை ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படித்துவிடலாம். மேலே போகிறவரின் எடையை யார் சுமந்தார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. சைக்கிளில் ஏறும்போது இந்தக் கேள்வி தானாகவே வந்து நிற்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

70 கிலோ எடையுள்ள ஒருவர். சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 20 கிலோ. ஆக மொத்தம் 90 கிலோ. இதை 1,900 மீட்டர் மேலே தூக்க வேண்டும். நாம் சாப்பிடும் உணவின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேரும், மீதி வெப்பமாகவும் வியர்வையாகவும் போய்விடும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுமார் 1,600 கலோரிக்கு மேல் வருகிறது. ஒரு இட்லிக்கு 50 கலோரி என்று வைத்துக்கொண்டால் 30 இட்லிக்கு மேல்! டயர் உராய்வு, எதிர்க்காற்று எல்லாம் இதில் சேராது.

மலை ஏறுவதற்கு எப்போதுமே ஒரு விலை உண்டு. யாராவது ஒருவர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். நீலகிரி வரலாற்றில் அந்த விலையைக் கொடுத்தவரும் மேலே போய்ச் சேர்ந்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை.

மனிதத் தோளில் 400 மைல்

1834 ஜூன் மாதம் மெக்காலே மதராஸில் கப்பலிலிருந்து இறங்கினார். ஆமாம், நம் ஆங்கிலக் கல்வி விவாதங்களில் எல்லாம் பெயர் அடிபடும் அதே மெக்காலேதான். கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினராகச் சேர வந்திருந்தார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு அப்போது ஊட்டியில் இருந்தார். எனவே மெக்காலேயும் ஊட்டிக்குக் கிளம்பினார்.

ரயில் கிடையாது. ஆற்காடு, பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் என்று சுற்றிக்கொண்டு ஊட்டி போய்ச் சேர்ந்தார். போனது பல்லக்கில். கூட வந்த பரிவாரம் ஏறக்குறைய 40 பேர். மதராஸிலிருந்து ஊட்டி வரை 400 மைலும் மனிதர்களின் தோளிலேயே வந்ததாக அவரே தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 400 மைல் என்றால் சுமார் 640 கிலோமீட்டர். கடைசியில் ஒரு மலை வேறு!

பல்லக்குத் தூக்கிகள் அவரை மட்டும் தூக்கவில்லை. பல்லக்கின் மரத்தையும் தூக்கினார்கள், தங்கள் உடம்பையும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒரு ஆள் மேலே போக எத்தனை பேரின் சாப்பாடு செலவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் மெக்காலே இருக்கிறார். தூக்கியவர்கள் இல்லை.

பாதைக்கு முன்னால் பாதை

"நீலகிரியைக் கண்டுபிடித்தவர் ஜான் சல்லிவன்" என்று பொது அறிவுப் புத்தகங்களில் போட்டிருக்கும். இது பாதி உண்மைகூட இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் என்று பல சமூகங்கள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கே வாழ்ந்து வந்தன. தோடர்களிடம் எருமைப் பால், நெய். கோத்தர்களிடம் இரும்புச் சாமான், மண்பாண்டம், இசை. படகர்களிடம் தானியம். குறும்பர்களிடம் தேன். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வாழ்ந்தார்கள். கொடுக்கல் வாங்கல் இருந்தால் பாதை இருந்தே தீரும். வெளியாரும் வந்திருக்கிறார்கள். 1603-லேயே பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் கேரளப் பக்கத்திலிருந்து ஏறி வந்து தோடர்களைச் சந்தித்துவிட்டுப் போயிருக்கிறார்.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. 1812-ல் கீஸ், மக்மகான் என்ற இருவர் சர்வேக்காக ஏறினார்கள். 1818-ல் கோயமுத்தூர் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் தணாயக்கன்கோட்டைப் பக்கமிருந்து ஏறினார்கள். (அந்தக் கோட்டை இப்போது பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது.) அவர்கள் சொன்னதைக் கேட்டு, 1819 ஜனவரியில் கலெக்டர் சல்லிவன் தானே ஏறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் தங்கினார். அருகில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இப்போது நினைவகமாக இருக்கிறது.

1820-களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை போடப்பட்டது. கம்பெனி ஆட்சியில் நீலகிரிக்கு அமைந்த முதல் மலைப்பாதை இதுதான். பிறகு சல்லிவன் ஊட்டிக்கு நகர்ந்து வீடு கட்டினார், ஏரி வெட்டினார். ஒன்றை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். அந்த நிலம் தோடர்களுக்கே உரியது என்று அரசாங்கத்திடம் அவர் விடாமல் வாதாடினார். சென்னை கவர்னர் லஷிங்டனுக்கும் அவருக்கும் இதில் ஒத்துப்போகவில்லை.

லஷிங்டன் காலத்தில்தான், 1830-களின் தொடக்கத்தில், குன்னூர் வழிப் பாதை வந்தது. போட்டவர்கள் பயனீர் படையினர். காடு வெட்ட, பாறை உடைக்க என்றே கம்பெனி வைத்திருந்த படை அது. அதே காலத்தில் ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன் தேவாலயமும் எழுந்தது. அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து எடுத்து வரப்பட்டவை. மனிதர்களை ஏற்றியது போதாதென்று ஒரு அரண்மனையின் மரத்தையும் மலை மேல் ஏற்றியிருக்கிறார்கள்!

பழைய குன்னூர்ப் பாதை செங்குத்தானது. மாட்டு வண்டிகள் சிரமமில்லாமல் போக வேண்டும் என்பதற்காக 1870-களின் தொடக்கத்தில் புதிய பாதை போடப்பட்டது. பொறுப்பில் இருந்தவர் கர்னல் லா. குன்னூருக்குக் கீழே இருக்கும் லாஸ் நீர்வீழ்ச்சி இவர் பெயரில்தான் இருக்கிறது. (சட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!) அதிகாரிக்கு ஒரு அருவி கிடைத்தது. மண் சுமந்தவர்களின் பெயரில் ஒரு கொண்டை ஊசி வளைவுகூட இல்லை.

ரயில் வந்தது, அரசாங்கமே ஏறியது

1870-லிருந்து சென்னை அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்குக் குடிபெயரும் வழக்கம் அதிகாரப்பூர்வமானது. கோட்டையில் வெயில் அடிக்க ஆரம்பித்ததும் கவர்னர், அதிகாரிகள், குமாஸ்தாக்கள், கோப்புகள் எல்லாம் மலைக்கு! 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அதற்கு மேல் குதிரை பூட்டிய டோங்கா வண்டி. 1899-ல் குன்னூர் வரை மலை ரயில், 1908-ல் ஊட்டி வரை. 12 அடி போனால் 1 அடி ஏறும் செங்குத்து என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரப் பட்டை வைத்து, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

ஆக, தோளிலிருந்து குதிரைக்கு, குதிரையிலிருந்து நிலக்கரிக்கு என்று சுமை கைமாறியது. பிறகு பஸ், கார் என்று டீசலுக்கும் பெட்ரோலுக்கும் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போக ஏறக்குறைய 5 மணி நேரம் எடுக்கிறது. நன்றாகப் பழகிய ஒரு சைக்கிள்காரரும் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான் போய்ச் சேருவார்!

சைக்கிள் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் சைக்கிள் 1885-ல் இங்கிலாந்தில் வந்தது. காற்றடைத்த டயர் 1888-ல். பத்து வருடத்துக்குள் வெளிநாட்டுக்காரர்கள் இந்தியாவைச் சைக்கிளில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி 1897-லிருந்து நம் தெற்குக் கோயில்கள் உட்பட இந்தியா முழுக்கச் சுற்றி, 1904-ல் புத்தகமும் போட்டார்கள். அந்தப் புத்தகத் தலைப்பிலேயே "இந்தியச் சமவெளி" என்று இருக்கிறது. மலை என்று வந்தபோது, இமயமலைப் பக்கம், அவர்கள் சைக்கிளை விட்டுவிட்டு நடையாகத்தான் ஏறினார்கள். கூடவே சுமை தூக்கிகளும் இருந்தார்கள்.

காரணம் கியர். ஒரே பல்சக்கரம் உள்ள சைக்கிளில் சமவெளியில் வேகமாகப் போகலாம், ஏற்றத்தில் முழங்கால் கெஞ்சும். 1910-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதல்முறையாகப் பிரெனீஸ் மலையின் உயரமான கணவாய்களுக்குப் போனபோது, அந்த வருடம் ஜெயித்த லாப்பீஸே துர்மாலே கணவாயில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார். சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கியரை அந்தப் பந்தயத்தில் அனுமதித்ததே 1937-ல்தான்.

நம்மூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைச் செய்தது. 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கியர் இல்லாத, இரும்பு மாதிரி உழைக்கும் வண்டி. பால் கேன், கேஸ் சிலிண்டர், வாழைத்தார், மூன்று குழந்தைகள் எல்லாவற்றையும் அது சுமந்தது. சமவெளியில் சைக்கிள் ஏழைகளின் சுமை வண்டி. மலைக்கு அது ஏறவில்லை. 2000-களின் பிற்பாதியில் பெருநகரங்களில் கியர் சைக்கிள் கடைகள் பெருகிய பிறகுதான் நிலைமை மாறியது. 2008 டிசம்பரில் பெங்களூர் சைக்கிள் ஆர்வலர்கள் சிலர் "டூர் ஆஃப் நீலகிரிஸ்" பயணத்தைத் தொடங்கினார்கள். கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றையும் தொட்டுப் பல நாள் போகும் பயணம்.

மூன்று வழிகள்

சைக்கிளில் போகிறவர்களுக்கு முக்கியமாக மூன்று வழிகள்.

ஒன்று, மேட்டுப்பாளையம் - குன்னூர் - ஊட்டி. 14 கொண்டை ஊசி வளைவுகள். மாட்டு வண்டிக்காக அமைந்த சரிவு என்பதால் ஏற்றம் சீரானது. கர்னல் லா மாடுகளுக்குச் செய்த உதவி இன்று சைக்கிள்காரர்களுக்கு உதவுகிறது. பர்லியாறு வரை பாக்குத் தோட்டமும் ஈரக் காற்றும், அதற்கு மேல் தேயிலை. குறை ஒன்றுதான், வண்டி நெரிசல்.

இரண்டு, மேட்டுப்பாளையம் - கோத்தகிரி. சுமார் 33 கிலோமீட்டர். முதல் பாதை போன பக்கம். குன்னூர் வழியைவிட அமைதியானது. திம்பட்டி, கன்னேரிமுக்கு எல்லாம் பக்கத்தில்தான். வரலாற்றுக்காகப் போகிறவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்று, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி. சீகூர்ப் பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள்! குன்னூர் வழியைவிட ஏறக்குறைய இருமடங்கு செங்குத்து. நல்ல கியர் வைத்திருப்பவர்களே இங்கே இறங்கித் தள்ளுவார்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை (லாப்பீஸே தள்ளியிருக்கிறார்!). இறக்கம்தான் உண்மையான ஆபத்து. தொடர்ந்து பிரேக் பிடித்தால் சக்கர விளிம்பு சூடாகி பிரேக் கைவிட்டுவிடும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், நடுவில் நின்று ஆறவிட வேண்டும். விபத்துகள் காரணமாக வெளியூர் வண்டிகள் இந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடுகளும் போடப்பட்டன. போகும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊட்டியிலிருந்து கூடலூர்ப் பக்கம் போனால் நடுவட்டம். மலேரியாவுக்கு மருந்தான கொயினா மரத்தை 1860-களில் இங்கே பயிரிட்டார்கள். வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. அவர்களை வைத்திருந்த சிறை இன்றும் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பல டான்டீ எனப்படும் அரசு நிறுவனத்துடையவை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க உருவாக்கப்பட்டவை அவை. சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்கும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் பச்சைச் சரிவு, இப்படி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு மாற்றப்பட்ட மனிதர்களின் உழைப்பு. கார் கண்ணாடி வழியாக அது வெறும் வால்பேப்பர் மாதிரி ஓடிவிடும்.

இப்போது சுமப்பது யார்?

கார் வந்த பிறகு யாரும் யாரையும் சுமக்கவில்லை என்று தோன்றலாம். உண்மையில் இப்போது சுமப்பது மலையே. 70 கிலோ மனிதர் மேலே போக 1,000 கிலோ இரும்பும் கூடப் போகிறது. கோடை சீசனில் நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் தேவையில்லை.

கீழே சீகூர்ப் பீடபூமியில் இன்னொரு வழக்கு. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழித்தடத்தில் விடுதிகள் முளைத்தன. அந்த வழித்தடத்தைக் காக்கும் அரசு அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சல்லிவன் பாதைக்கும் படகர் பாதைக்கும் முந்தைய பாதை யானைகளுடையது. நம் சாலைகள் அதைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. அங்கே சைக்கிள்காரரும் விருந்தாளிதான். விடியலிலும் அந்தியிலும் காட்டுச் சாலையில் போகாமல் இருப்பது யானைக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

சைக்கிள்காரர் மட்டும் சுத்தக் கணக்கு வைத்திருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. பெரிய குழுப் பயணங்களில் பைகளும் தண்ணீரும் பின்னால் வேனில் வருகின்றன. அவர் ஏறும் சாலை பயனீர் படையும் கூலிகளும் போட்டது. வழியில் குடிக்கும் டீ தோட்டத் தொழிலாளி பறித்தது. அந்தப் பழைய கடனை யாராலும் மிதித்துத் தீர்க்க முடியாது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1834-ல் மெக்காலேக்கு அந்த மலையின் செங்குத்து எவ்வளவு என்று உடம்பால் தெரிந்திருக்காது. அவரைத் தூக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று கல்லட்டியில் முப்பதாவது வளைவில் மூச்சிரைத்து நிற்கும் ஒரு கல்லூரி மாணவருக்கோ ஐ.டி. ஊழியருக்கோ அது தெரிகிறது. இத்தனைக்கும் அவர் தூக்கியது தன் எடையை மட்டும். அடுத்தவரையும் தோளில் வைத்துக்கொண்டு ஏறுவது எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு சின்ன அளவுகோல் அங்கே அவருக்குக் கிடைக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை குறைவு, சீசன் கூட்டமும் இருக்காது. காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். 30 இட்லி முடியாவிட்டாலும் ஒரு ஆறு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.